மெய்யறி வாரியமும் சொல்பேச்சு கேட்காத ஒரு காலும்

முதுகு ஒடிந்த ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒருமுறை தங்கள் முதுகு இன்னும் ஒடிந்துதான் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். இது விதி. ஒடிந்த முதுகு என்றைக்காவது ஆள் பார்க்காத நேரத்தில் தானாகக் கூடிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து நடந்துவிடுமோ என்ற கவலை அரசாங்கத்துக்கு உண்டு. அப்படி நடந்துவிட்டால் ஒரு சக்கர நாற்காலி வீணாகிவிடும். அந்த அநியாயத்தைத் தடுக்கத்தான் முதுகுத்தண்டு மெய்யறி வாரியம் என்று ஒன்றை ஏற்படுத்தி, அதற்கு ஒரு கட்டடமும், ஒரு தலைவரும், ஒரு பேராசிரியரும், தடி வைத்துக்கொண்ட இரண்டு காவலர்களும், சுத்தியலுக்கென்றே தனியாக ஓர் ஊழியரும் கொடுத்திருந்தார்கள்.

நம் பெயிண்டர் அந்த வாரியத்தின் முன்னால் ஆஜரானது இது இரண்டாவது முறை. மாடி வீடு ஒன்றின் வெளிச்சுவருக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தபோது சாரத்தில் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்து, கையிலிருந்த வாளியோடு கீழே வந்தவர் அவர். செங்கல் குவியலில் முதுகு பட்டது. கூட வேலை செய்தவர்கள் அவர்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். அந்தப் பாசத்தில் ஒருவன் கையைப் பிடிக்க, ஒருவன் காலைப் பிடிக்க, ஆளை மடக்கி ஆட்டோவில் உட்காரவைத்து மேடு பள்ளம் பார்க்காமல் பறந்தார்கள். விழுந்ததில் பாதிதான் போயிருக்கும், தூக்கியதில்தான் மீதியும் போயிற்று என்று பிறகு மருத்துவமனையில் சொன்னார்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே தண்டு நசுங்கிவிட்டது. அன்றிலிருந்து மார்புக்குக் கீழே அவருக்கு எதுவும் தெரியாது. கைகள் மட்டும் பழைய கைகளாகவே இருந்தன.

அந்தக் கைகளை வைத்துத்தான் வீடு ஓடியது. வாரியம் கொடுத்த சக்கர நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டு கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினார். எழுத்து முத்து முத்தாக இருக்கும். நாற்காலியின் இடது கைப்பிடியில்தான் தூரிகையைத் துடைப்பார். அதில் நீலமும் சிவப்பும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கிடந்தன. நாற்காலி இருக்கும்வரை அவர் ஒரு தொழிலாளி. அது போய்விட்டால் தரையில் கிடக்கிற ஓர் ஆள், அவ்வளவுதான். வாரியத்திலிருந்து அழைப்பு வந்த நாளிலிருந்து புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சோறு இறங்காமல் போனதற்குக் காரணம் இதுதான்.

முதல் தடவை எல்லாம் சுமுகமாக நடந்திருந்தது. விழுந்த வாரமே வாரியம் ஆஸ்பத்திரிக்கு வந்து கால்களைக் குத்தியும் தட்டியும் பார்த்தது. கால்கள் நனைந்த சாக்கு மாதிரி கிடந்தன. தலைவர் மகிழ்ந்துபோய்க் கைகுலுக்கி நாற்காலியை வழங்கினார். ஆனால் சில வாரம் கழித்து அந்தக் கால்களுக்கு என்ன தோன்றியதோ, தம்பாட்டுக்கு ஆட ஆரம்பித்துவிட்டன. போர்வை உரசினால் துள்ளும். பாதத்தை மிதிபலகையில் வைத்தால் நிற்காமல் நடுங்கும். மனைவி சந்தோஷத்தில் அழுதுகொண்டே ஓடிப் போய் வார்டு நர்ஸிடம் சொன்னாள். அந்த நர்ஸ் நல்லவள், பொய் ஆறுதல் சொல்லவில்லை.

"தலைமை ஆபீசுக்குப் போற கம்பி அறுந்துபோச்சும்மா. ஆனா கிளை ஆபீஸ் இன்னும் தொறந்துதான் இருக்கு. அங்க வர்ற தபாலுக்கு அங்கேயே பதில் போட்டுடும். மேல யாரையும் கேக்காது."

அதோடு இன்னொன்றும் சொல்லி அனுப்பினாள். என்றைக்காவது இவருக்குத் தலை வெடிக்கிற மாதிரி வலித்து, முகம் சிவந்து, வேர்த்துக் கொட்டினால் முதலில் மூத்திரக் குழாயைப் பார்க்க வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் கீழே உடம்பு கத்துவது இவருக்குக் கேட்காது; ரத்தக் கொதிப்பு மட்டும் எகிறிவிடும். கவனிக்காமல் விட்டால் மூளையில் ரத்தம் கசிந்து ஆளே போய்விடுவார். மனைவி அதை மனப்பாடமாக வைத்திருந்தாள்.

வாரியத்தின் வாசலில் முதல் காவலர் அவர்களை நிறுத்தினார். நாற்காலியின் ஓரத்தில் தொங்கிய மூத்திரப் பையைப் பார்த்தார். கழிவுப் பொருள் அவைக்குள் வரக்கூடாது என்றார். பையைக் கழற்றி, குடைகள் மாட்டியிருந்த ஆணியில் மாட்டிவிட்டு, குழாயின் வாயில் ஒரு கிளிப்பைப் போட்டு இறுக்கினார். விதிப்படி வாரியமே வாங்கி வைத்திருக்கும் கிளிப் அது. இப்படி அடைத்தால் ஆள் செத்துப்போவார் என்று மனைவி பதறினாள்.

"உள்ள யாரும் சாகக் கூடாதுன்னும் ஒரு விதி இருக்கும்மா. பயப்படாதீங்க" என்றார் காவலர். அவர் உண்மையிலேயே தைரியம் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டார்.

அவை என்பது ஒரு நீளமான அறை. ஒரு கோடியில் இடுப்பளவு உயரத்தில் கல் மேடை. அதன் மேல் தலைவரின் நாற்காலி. சுவரில் ஆளுயரப் படம் ஒன்று: எந்த நரம்பு எந்தத் தோலுக்கு என்று நிறநிறப் பட்டைகளாகப் பிரித்த ஒரு மனிதன், கைகளை விரித்துக்கொண்டு, யாரோ உடம்பைப் பாகம் பிரித்துக்கொண்டு போவதற்குச் சம்மதித்தவன் மாதிரி நின்றான். துணைக்கு வந்தவர்கள் நிற்பதற்குத் தரையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம். வட்டத்துக்குள் நிற்கலாம், பேசக் கூடாது. மனைவியை அதற்குள் நிற்கவைத்தார்கள்.

தலைவர் உள்ளே வந்தார். முன்பு பாலங்கள் துறையில் இருந்தவர். அவர் காலத்தில் ஒரு பாலம் விழுந்துவிட்டதால் முதுகுகள் துறைக்கு மாற்றப்பட்டார். இரண்டும் எடை தாங்குகிற சமாசாரம்தானே என்று மேலிடத்தில் நினைத்திருக்கலாம். அவர் வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பெயிண்டர் உட்கார்ந்திருந்தார்.

"எழுந்திருய்யா" என்றார் இரண்டாவது காவலர்.

எழுந்திருக்க முடியாது என்பதற்காகத்தானே இங்கே வந்திருக்கிறேன் என்று பெயிண்டர் பணிவாகச் சொன்னார். அதை விசாரணைக்குப் பிறகுதான் முடிவு செய்ய முடியும், விசாரணை தொடங்க வேண்டுமானால் முதலில் எழுந்து நிற்க வேண்டும் என்று விளக்கினார்கள். காவலர்கள் இரண்டு பேரும் அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். தோள் மூட்டு கழன்று வருகிற மாதிரி வலித்தது. தூக்கிய வேகத்தில் கால்கள் தாமாக விறைத்து, பாதங்கள் தரையில் ஊன்றி, ஒரு கணம் பெயிண்டர் நட்டுவைத்த கம்பம் போல நின்றார். பிறகு மடங்கித் தொங்க, மறுபடி நாற்காலியிலேயே போட்டார்கள்.

"நிக்குது" என்றார் தலைவர் பேராசிரியரைப் பார்த்து. "நான் வந்ததும் மரியாதை குடுத்துச்சு பாத்தீங்களா. காலுக்கு இருக்கிற பண்பு ஆளுக்கு இல்ல."

பேராசிரியர் பிரம்பால் படத்தைக் காட்டித் தமது வழக்கமான முன்னுரையை ஆரம்பித்தார். முதுகுத்தண்டிலிருந்து முப்பத்தொரு ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன. கழுத்துக்கு எட்டு, மார்புக்குப் பன்னிரண்டு, இடுப்புக்கு ஐந்து, அதற்குக் கீழே திருவெலும்புக்கு ஐந்து, வாலுக்கு ஒன்று. வாலுக்குமா என்று தலைவர் கேட்டார். அவர் இதை ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பார்.

"ஆம் அய்யா. வால் போய் யுகங்கள் ஆகின்றன. நரம்பு மட்டும் பதவியில் தொடர்கிறது" என்றார் பேராசிரியர்.

தலைவர் திருப்தியோடு தலையாட்டினார். வேலை ஒழிந்த பிறகும் பதவியை ஒழிக்காத ஒரு நிர்வாகம் உடம்புக்குள் நடக்கிறது என்பது அவருக்கு எப்போதும் ஆறுதலாக இருந்தது. ஆனால் அடுத்து வந்தது அவருக்குப் பிடிக்காத பகுதி. இதயத்தை ஓடவைப்பது, வேர்க்கவைப்பது, ரத்தக் குழாயைச் சுருக்குவது, மயிரைச் சிலிர்க்கவைப்பது எல்லாம் தன்னியக்க நரம்புகளின் வேலை. அதில் ஒன்றுக்குப் பரிவு நரம்பு என்று பெயர். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, சண்டை போடவும் தப்பி ஓடவும் உடம்பை முறுக்கிவிடுவதே அதுதான். இவற்றுக்கெல்லாம் யார் உத்தரவு போடுகிறார்கள் என்று தலைவர் கேட்டார். யாரும் போடுவதில்லை, தாமாகவே இயங்கும் என்றார் பேராசிரியர்.

தலைவரின் முகம் கறுத்தது. "நான் வாழ்நாள் பூரா பாலத் துறையில இருந்தவன். உத்தரவு இல்லாம ஒரு ஆணி அசைஞ்சதில்ல. பாலம் விழுந்ததுகூட எங்கிட்ட முறைப்படி அனுமதி வாங்கிட்டுத்தான் விழுந்துச்சு. ஒரு மனுசன் ஒடம்புக்குள்ள யாரும் சொல்லாம ஒண்ணு நடக்குதுன்னா, ஒண்ணு அவன் பொய் சொல்றான், இல்ல அந்த ஒடம்பு கலகம் பண்ணுது. ரெண்டையும் நாம விடக் கூடாது."

இதைச் சொன்ன பிறகு ஊசிச் சோதனை தொடங்கியது. வாரியத்தில் முன்பு மெல்லிய ஊசிதான் இருந்தது. அதற்கெல்லாம் மனிதர்கள் அசராமல் இருப்பதால் இப்போது கோணி ஊசி. சுத்தியல் ஊழியர்தான் ஊசிக்கும் பொறுப்பு. அவர் பெயிண்டரின் வேட்டியை விலக்கித் தொடையில் குத்தினார். வலிக்கிறதா என்று பேராசிரியர் கேட்டார். இல்லை என்றார் பெயிண்டர். இன்னும் ஆழமாகக் குத்தினார்கள். அப்போதும் இல்லை என்றார். எலும்பில் ஊசி முனை உரசுகிற சத்தம் அவருக்கே கேட்டது. தொடையில் வழிந்த ரத்தத்தை அவர் பக்கத்து வீட்டுச் சண்டையைப் பார்ப்பது போலப் பார்த்தார். பரிதாபமாக இருந்தது, ஆனால் தலையிட வழியில்லை.

வட்டத்துக்குள் நின்ற மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் பார்த்தது தொடையை அல்ல, அவர் முகத்தை. அது சிவக்க ஆரம்பித்திருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. கைகளில் மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. பெயிண்டருக்குப் பின்மண்டையில் யாரோ உள்ளேயிருந்து இடிக்கிற மாதிரி இருந்தது. கண்ணுக்கு முன்னால் சுவரில் இருந்த நிறப்பட்டை மனிதன் இரண்டானான்.

"தலை வலிக்குதுங்க" என்றார்.

"காலில் குத்தினால் தலை வலிக்கிறது என்கிறார்" என்று பேராசிரியர் அறிவித்தார். தலைவர் மேடையிலிருந்து எட்டிப் பார்த்தார். முகம் சிவக்கிறது, வேர்க்கிறது, மயிர் சிலிர்க்கிறது. வாரியத்தின் நீண்ட அனுபவத்தில் இது குற்றமுள்ள மனசுக்கு அடையாளம். ஒப்புக்கொள்ளும்வரை குத்துங்கள் என்றார். குத்தினார்கள். வேர்வை கூடியது. பார்த்தீர்களா, உண்மை வெளியே வருகிறது என்றார்.

மனைவி வட்டத்தைத் தாண்டினாள். இரண்டாவது காவலர் தடியைக் குறுக்கே நீட்டினார். அவள் அதைப் பிடித்துத் திருகி அவர் வயிற்றிலேயே ஒரு குத்து விட்டாள். ஓடிப் போய்ப் புருஷனின் குழாயிலிருந்த கிளிப்பைப் பிடுங்கி எறிந்தாள். அடைபட்டிருந்தது அத்தனையும் பீறிட்டுக்கொண்டு வந்து மேடையின் அடிவாரத்தை நனைத்து, என்ன நடக்கிறது என்று பார்க்க இறங்கி வந்துகொண்டிருந்த தலைவரின் காலணிக்குள் புகுந்தது. பெயிண்டரின் முகச் சிவப்பு மெல்ல இறங்கியது. அவர் மூச்சு விட்டார். காவலர் அவள் முதுகில் ஓங்கி அடித்தார். அவள் முகம் குப்புற விழுந்தாள், எழுந்தாள், மறுபடி வட்டத்துக்குள் போய் நின்றுகொண்டாள்.

தலைவர் சுத்தியலை எடு என்றார்.

மருத்துவமனைகளில் இதற்கு ரப்பர் சுத்தியல் உண்டு. இங்கே இருந்தது ஆசாரி சுத்தியல். ஊழியர் அதை ஓங்கியபோது, மோசடியைத் தம் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று தலைவர் பெயிண்டரின் முழங்காலுக்கு நேர் எதிரே குனிந்து முகத்தை வைத்துக்கொண்டார். பேராசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார். அவர் மூடிக்கொண்டதற்கு ஒரு கொள்கை இருந்தது, அதைப் பிற்பாடு அவரே விளக்கினார்.

முழங்காலில் அடி விழுந்தது. கால் எகிறியது. குதிகால் தலைவரின் தாடையில் பட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது. இரண்டு பற்களும் நாக்கு நுனியில் ஒரு துண்டும் வெளியே வந்தன. தலைவர் பின்னால் பறந்து, தாமே அமரும் மேடையின் கல் விளிம்பில், சரியாகத் தோள்பட்டைகளுக்கு நடுவே மோதித் தரையில் விழுந்தார்.

பிறகு நடந்ததை வாரியத்துக்கும் ஒரு காலுக்கும் இடையில் நடந்த யுத்தம் என்றுதான் சொல்ல வேண்டும். காவலர்கள் தடியால் அந்தக் காலை அடித்தார்கள். அடி பட்டதும் கால் துள்ளியது. துள்ளியதும் எதிர்க்கிறது என்று இன்னும் அடித்தார்கள். முதல் காவலரின் அடிவயிற்றில் ஓர் உதை விழுந்து அவர் சுருண்டுகொண்டார். ஊழியர் காலைக் கட்டிப்பிடித்து அடக்கப் பார்த்தார். அது அவரையும் சேர்த்து உலுக்கியது. பாதம் மிதிபலகையில் தடதடவென்று அடித்துக்கொண்டது. தாளம் வேற போடுறியா என்று கேட்டு இரண்டாவது காவலர் மிதித்தார். பெயிண்டர் ஒவ்வொருவரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"அய்யா, அது நான் இல்லீங்க. காலுங்க. நான் சும்மாதாங்க இருக்கேன். அது நான் இல்லீங்க."

கடைசியில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்ட எல்லோருக்கும் உடம்பு கூசியது. பெயிண்டருக்கு மட்டும் வலிக்கவில்லை. ஆனால் அவர்தான் அழுதார்.

அப்போதுதான் தலைவர் தரையில் கிடப்பது கவனத்துக்கு வந்தது. கண் திறந்திருந்தது, மூச்சும் இருந்தது. ஆனால் அவை கூடியிருக்கும்போது தலைவர் தரையில் இருக்கக் கூடாது என்று விதி இருந்தது. தலைவர் ஆசனத்தில் இல்லாமல் அவையை முடிக்கவும் கூடாது என்று இன்னொன்று இருந்தது. ஆகவே காவலர்கள் அவரைத் தூக்கப் போனார்கள்.

"தூக்காதீங்க" என்று பெயிண்டர் கத்தினார். "அப்படியே கெடக்கட்டும். பலகை கொண்டாங்க. என்னையும் இப்படித்தான் தூக்கினாங்க."

குற்றவாளியின் பேச்சை யார் கேட்பார்கள்? ஒருவர் அக்குளில் கை கொடுத்தார், ஒருவர் காலைப் பிடித்தார். மிகுந்த மரியாதையோடு தலைவரை மடக்கித் தூக்கி மேடையில் ஏற்றி ஆசனத்தில் வைத்தார்கள். வைக்கும்போது முதுகுக்குள் காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். தலைவர் ஒருபக்கமாகச் சாய்ந்தார். கீழே பார்த்தார். தம் தொடையை ஒரு கையால் தொட்டார், அது யாருடையது என்று தெரியாதவர் போல.

"என் காலு எங்க?" என்றார், வாயில் ரத்தத்தோடு.

பேராசிரியர் உடனே தற்காலிகத் தலைவராகப் பொறுப்பேற்றார். கால் போய்விட்டது என்று ஒருவர் சொன்னால் வாரியம் என்ன செய்ய வேண்டுமோ அதையே செய்தது. கோணி ஊசி வந்தது. தொடையில் குத்தினார்கள், எலும்பு வரை. தலைவர் அந்த ரத்தத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்காலில் சுத்தியல் விழுந்தது. கால் அசையவில்லை. மறுபடி விழுந்தது. நனைந்த சாக்கு மாதிரி கிடந்தது.

பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பை வாசித்தார். "தலைவரின் கால் ஒழுங்கான கால். உத்தரவு இல்லாமல் அசையாத கால். அதற்கு நாற்காலி வழங்கப்படுகிறது. பெயிண்டரின் மேல் பாதியை வாரியம் நம்புகிறது. அது முதலிலிருந்தே பணிவாக நடந்துகொண்டது. கீழ் பாதி ஏமாற்றுக்காரப் பாதி. அது நல்ல திடத்தோடு இருக்கிறது என்பதற்கு நம் தலைவரின் பற்களே சாட்சி. எனவே கீழ் பாதி நடந்தே வீட்டுக்குப் போகலாம். மேல் பாதி விரும்பினால் அதனோடு சேர்ந்து போகத் தடையில்லை."

முகம் வீங்கிப் போயிருந்த மனைவி கேட்டாள், நீங்கள் இதையெல்லாம் படித்தவர்தானே, கால் தானாக உதைக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா என்று. பேராசிரியர் கோபப்படவில்லை. அவர் யாரிடமும் கோபப்படாதவர்.

"தெரியும் அம்மா. மூளையைக் கேட்காமலே தண்டு காலை அசைக்கும் என்று கல்லூரியில் நானே பாடம் நடத்துகிறேன். படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லித் தேர்விலும் கேட்பேன். ஆனால் அங்கே நான் பேராசிரியர். இங்கே உறுப்பினர். உறுப்பினருக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை."

அறையில் இருந்த சக்கர நாற்காலி ஒன்றே ஒன்றுதான். காவலர்கள் அதைச் சாய்த்துப் பெயிண்டரைத் தரையில் கொட்டினார்கள். தலைவரை அதில் வைத்து உருட்டிக்கொண்டு போனார்கள். நீலமும் சிவப்பும் அப்பிய கைப்பிடியைத் தலைவர் அருவருப்போடு விரலால் தள்ளிப் பிடித்துக்கொண்டு போவதைப் பெயிண்டர் ஈரத் தரையில் கிடந்தபடி பார்த்தார்.

அந்த ஒரு வருடம் எப்படிப் போயிற்று என்று விரித்துச் சொல்ல மனசு வரவில்லை. ஒரு பலகையில் நான்கு பேரிங்குகளைப் பொருத்தி, அதில் அவரை உட்காரவைத்து மனைவி கயிறு கட்டி இழுத்தாள். புட்டத்தில் புண் வந்தது, ஆறியது, மறுபடி வந்தது. தரையோடு உட்கார்ந்தால் பெயர்ப்பலகைக்குக் கை எட்டாது என்பதால் தொழில் பாதியாயிற்று. முறிந்த கால் கோணலாகக் கூடிக்கொண்டது. கூடிய பிறகு அது முன்னைவிட உற்சாகமாகத் துள்ளியது. அதை என்ன செய்வது? பெயிண்டர் அதைத் திட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். பிறகு கழுதை எப்படியோ போகட்டும் என்று விட்டுவிட்டார்.

மறுவருடம் அழைப்பு வந்தபோது போக வேண்டாம் என்றுதான் மனைவி சொன்னாள். நாற்காலியைத் திரும்ப வாங்க வேறு வழி என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார். பலகையை இழுத்துக்கொண்டு போனாள்.

தாழ்வாரத்தில் அவர்களுக்கு முன்னால் ஒருவர் காத்திருந்தார். பெயிண்டருக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை, கைப்பிடியைத் தெரிந்தது. பழைய தலைவர் இளைத்துப்போயிருந்தார். முன்பற்கள் இல்லை. வருடம் முடிந்துவிட்டதால் அவரும் தம் முதுகு இன்னும் ஒடிந்துதான் இருக்கிறது என்று நிரூபிக்க வந்திருந்தார். வாரியத்துக்கு இப்போது பேராசிரியர்தான் தலைவர்.

பெயிண்டர் பழக்கதோஷத்தில் வணக்கம் வைத்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கைகளாலும் தம் இடது முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். கையையும் மீறி அவர் பாதம் மிதிபலகையில் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தபோது பெயிண்டரின் கண்ணில் சிக்கினார்.

"இத எப்படிப்பா நிறுத்துறது?" என்றார் கிசுகிசுப்பாக.

"நிறுத்த முடியாதுங்க அய்யா."

"உள்ள பாத்தா?"

பெயிண்டர் தம் கோணல் காலைக் கொஞ்சம் வேட்டியை விலக்கிக் காட்டினார். முதல் காவலர் வந்து பழைய தலைவருடைய மூத்திரப் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இந்த விதியைப் போட்டவனே நான்தான்யா, வேண்டாம், விட்டுவிடு என்று அவர் கெஞ்சினார். தெரியும் அய்யா, அதனால்தான் உங்களுக்குத் தனியாகக் கவனித்துப் போடுகிறேன் என்று சொல்லிக் காவலர் கிளிப்பை இன்னொரு சுற்று இறுக்கினார். மணி அடித்தது. உருட்டிக்கொண்டு போனார்கள்.

கதவுக்குப் பின்னால் எழுந்து நில் என்ற குரல் கேட்டது. பிறகு ஏதோ விழுந்தது. கொஞ்ச நேரம் அமைதி. அது ஊசி நேரம் என்று வெளியே இருந்த இருவருக்கும் தெரியும். பிறகு சுத்தியல். பிறகு யாரோ அம்மா என்று அலறினார்கள். அது சுத்தியல் ஊழியரின் குரல். உதை அவருக்குத்தான் விழுந்திருக்க வேண்டும். தடிகள் சதையில் விழுகிற சத்தம் அடை மழை மாதிரி தொடங்கியது.

கதவு திறந்தது. முதல் காவலர் காலியான நாற்காலியை வெளியே தள்ளிச் சுவரோரம் நிறுத்தினார். பறிமுதல் என்று பொதுவாக அறிவித்தார். உள்ளே ஆள் போதவில்லை போலிருக்கிறது. தடியை எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினார். கதவு சரியாகச் சாத்திக்கொள்ளவில்லை.

மனைவி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். குனிந்து, அவர் அக்குளில் கைகொடுத்து, முதுகு வளையாமல் தூக்கி நாற்காலியில் வைத்தாள். அவர் கை தானாக இடது கைப்பிடிக்குப் போய் அந்தக் காய்ந்த நிறத்தைத் தடவியது. அவள் பிரேக்கை எடுத்தாள். அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்தக் கிளிப்ப எடுத்துட்டு வந்துடு."

"அந்த ஆளுக்கா?" என்றாள். "என் முதுகப் பாத்தீங்கல்ல?"

"தலை வெடிக்கும்டி. எனக்குத் தெரியும்."

அவள் அவரை முறைத்தாள். வாய்க்கு வந்தபடி ஒருமுறை திட்டினாள், வாரியத்தை, தலைவரை, இப்படி ஒரு மனுசனுக்குத் தன்னைக் கட்டிவைத்தவர்களை. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவைக் காலால் தள்ளி உள்ளே போனாள். ஒரு தடி உடையும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது, உதடு கிழிந்திருந்தது, கையில் கிளிப் இருந்தது. அதை ஜன்னல் வழியாக வெளியே வீசினாள்.

"உயிர் இருக்கா?"

"இருக்கு. வேத்துக்கிட்டுக் கெடக்கு. உங்க பேராசிரியர் அத குத்த உணர்ச்சின்னு சொல்லிப் படிச்சுக்கிட்டு இருக்காரு."

அவள் நாற்காலியைத் தள்ளினாள். தாழ்வாரம் நீளமானது, யாரும் தடுக்கவில்லை. வாரியம் மொத்தமும் ஒரு காலை அடக்குவதில் மும்முரமாக இருந்தது. பின்னாலிருந்து பல் போன ஒரு வாய் திரும்பத் திரும்ப ஒரே வாக்கியத்தைக் கத்திக்கொண்டிருந்தது.

"அய்யா, அது நான் இல்ல. அது நான் இல்லீங்க அய்யா."

பெயிண்டர் காதைப் பொத்திக்கொள்ள நினைத்தார். கைகள் சக்கரத்தில் இருந்தன. அவரும் சேர்ந்து உருட்டினார். கோணல் கால் மிதிபலகையில் வாசல் வரை தாளம் போட்டுக்கொண்டே வந்தது. யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை.